காலியிலேயே நிற்கும் முள்

என் மனைவியை மாசாய்க்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். அதை அவளிடம் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தேன். முதல் முடிவில் வீரம். இரண்டாவதில் விவேகம்.

விஷயம் இதுதான். ஜஹானாராவின் தங்கை ஜன்னத்துக்கு மாதம் நிறைந்துவிட்டது. தலைப்பிரசவம். தாய்வீடு கடலுக்கு அந்தப் பக்கம். கணவன் கப்பல் வேலைக்காரன். எந்தத் துறைமுகத்தில் இருக்கிறானோ. மாசாயில் அவள் தனி.

“இங்க கூட்டிட்டு வந்துரலாமா?” என்றாள் ஜஹானாரா.

“வீடு சின்னது” என்றேன்.

“அப்ப நான் போறேன். பிள்ளை பொறந்து நாப்பது கழிஞ்சதும் வர்றேன்.”

“போயேன். எனக்கென்ன?”

சொல்லிவிட்டு எங்கள் ஊரான கோத்தா திங்கியின் ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்பது நாள்! கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் அவள் ஆற்றித் தராமல் ஒரு தேத்தண்ணீர் என் தொண்டையில் இறங்கியதில்லை. இதை வாய்விட்டுச் சொல்லலாம்தான். ஆனால் நான் மீசை வைத்தவன். மளிகைக்கடை வைத்தவன். இந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டில் சொந்தமாக ஒரு சின்ன லாரியும் வைத்தவன். ருக்னுதீன் என்றால் ஊரில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவன் மனைவியிடம் போய் ‘போகாதே’ என்பதா?

ஆகவே எனக்குப் பதிலாக முள்ளைப் பேசவிடுவது என்று தீர்மானித்தேன்.

என் லாரியில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஒரு முள் உண்டு. வாங்கிய நாள் முதல் அது காலியிலேயே படுத்துக் கிடக்கிறது. தட்டினாலும் எழாது. திட்டினாலும் எழாது. தொட்டி நிரம்பி வழிந்தாலும் காலிதான். அதனால் நான் இருக்கையைத் தூக்கி, கீழே இருக்கும் தொட்டிக்குள் குச்சி விட்டுத்தான் அளப்பேன். இந்த ரகசியம் ஜஹானாராவுக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

கிளம்பினோம். ஊர் எல்லையிலேயே லாரியை நிறுத்திவிடுவதாகத் திட்டம். ஆனால் அவள், கருவாட்டுக்கு விலை பேசும்போது நான் மூக்கைச் சொறிகிற அழகை நடித்துக் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லை போனது. பார்த்தால் பாதி வழிக்கு மேல் இருக்கிற உலு திராமும் போய்விட்டது.

திடுக்கிட்டேன். கால் அரிப்பதுபோல் குனிந்து, எண்ணெய்க் குழாயின் திருகை மூடினேன். லாரி இரண்டு முறை இருமிவிட்டு ரப்பர் தோட்டத்து ஓரமாய் நின்றது.

“என்னங்க ஆச்சு?”

“அலமாக்! முள்ளைப் பாரு. எண்ணெய் காலி. வீட்டுக்குத் திரும்பிற வேண்டியதுதான்.”

அவள் முள்ளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“எப்படித் திரும்புறது?”

“லாரியிலதான்.”

“எண்ணெய் இல்லாமயா?”

இதை நான் யோசிக்கவில்லை.

“கொஞ்சம் மிச்சம் இருக்கும்.”

“அந்த மிச்சத்துல மாசாய்க்கே போலாமே. அதுதானே கிட்ட?”

“அது… வீட்டுக்குப் போற எண்ணெய்.”

“ஓஹோ! எண்ணெய்க்கு ஊர் பேரெல்லாம் தெரியுமா?”

“வீட்டுப் பக்கம் இறக்கம், ஜஹானா.”

“வர்றப்பவும் இறக்கம்னுதானே சொன்னீங்க? போனாலும் இறக்கம், வந்தாலும் இறக்கம்னா நடுவுல இருந்த ஏத்தத்தை யாரு தூக்கிட்டுப் போனா? எந்திரிங்க.”

எழுந்தேன். இருக்கையைத் தூக்கினாள். குச்சி எங்கே என்றுகூட என்னைக் கேட்கவில்லை. எடுத்தாள், விட்டாள், உருவினாள். நுனியிலிருந்து கைப்பிடி வரை ஈரம்.

“தீர்ந்தது எண்ணெய் இல்ல. என்னை அனுப்புற தைரியம்” என்றாள்.

நான் ரப்பர் மரங்களை எண்ணத் தொடங்கினேன்.

“இந்த முள்ளும் நீங்களும் ஒண்ணு. உள்ளே தளும்பத் தளும்பக் கிடக்கும். வெளியே கேட்டா, காலி. எனக்கென்ன, போயேன்! ஆறு வருஷமா நானும் குச்சி விட்டுத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். ஒரு நாளாவது முள்ளு தானா எழுந்திரிக்கக் கூடாதா?”

கடைசிச் சொல்லில் அவள் குரல் லேசாக உடைந்தது. என் மீசை அங்கேயே சரணடைந்தது.

“நீ இல்லேன்னா சோறு இறங்காது. தூக்கம் வராது. போகாதே, ஜஹானா.”

அவள் குச்சியை என் சட்டையிலேயே துடைத்தாள். அப்புறம் மெல்ல, “எனக்கும்தான்” என்றாள். “ஆனா அவளைத் தனியா விடவா? மொதப் பிள்ளைங்க. நேத்துகூட பயமா இருக்குன்னு சொல்லி விட்டிருக்கா. இந்த ஊர்ல அவளுக்கு நான்தானே தாய்வீடு?”

அப்போது என் மூளையில் ஒரு மின்னல் வெட்டியது. வருஷத்துக்கு ஒருமுறை வெட்டும்.

“கூட்டிட்டு வந்துருவோம்!”

“யாரை?”

“ஜன்னத்தைத்தான்! நம்ம வீட்டுக்கு!”

“சும்மா இருங்க. வீடு சின்னது.”

“எவன் சொன்னான்?”

“ஒரு பெரிய மனுஷர்.”

“அவன் கிடக்கிறான், மடையன்! உள்ளறையை அவளுக்குக் கொடு. நான் கடையில வெங்காய மூட்டை மேல படுத்துக்கிறேன்.”

“உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்குமே.”

“பிடிக்கட்டும்!”

அவள் நெடுநேரம் யோசித்தாள். அரை மனசாகத் தலையாட்டினாள். அவள் மனம் மாறுவதற்குள் திருகைத் திறந்து லாரியைக் கிளப்பினேன். வாழ்நாளில் முதல் தடவையாக அவளை வாதத்தில் வென்றுவிட்டேன்! மாசாய் வரைக்கும் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினேன்.

அங்கே வீடு பூட்டியிருந்தது. வாசலில் டிரங்குப் பெட்டி, சுருட்டிக் கட்டிய பாய், கால் கட்டிய இரண்டு கோழி. நடுவே ஜன்னத். எங்களைக் கண்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து அக்காவைப் பார்த்தாள்.

“ஏன் லாத்தா இவ்வளவு நேரம்? மச்சானே கெஞ்சிக் கூப்பிடுவாங்க, மூட்டையைக் கட்டி வையின்னு முந்தாநாளே சொல்லி விட்டியே!”