மெஷின் நடந்த கதை

"தண்ணி இறங்குதாங்க ஐயா?"

"இல்லை தம்பி. முன்னாடி சும்மா நின்னுச்சு. நீ சொன்ன பட்டனை அமுக்கினதுல இருந்து உறுமுது. லோடு வண்டி ரெண்டாவது கியர்ல மேடு ஏறுற சத்தம்."

ஹெட்செட்டைச் சரிசெய்தபடி அவன் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டான். வாடிக்கையாளரின் வாஷிங் மெஷின் உறுமினால் சந்தோஷப்படும் ஊழியன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

அந்தக் கால் சென்டரில் வரிசைக்கு ஒரு மொழி. நாள் முழுக்க ஊரான் திட்டை வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலைக்கு உள்ளூர்க்காரர்கள் யாரும் வருவதில்லை. அதனால் விமானம் விமானமாக வெளிநாட்டு ஆட்களை இறக்கியிருந்தார்கள். தமிழ் வரிசையில் நாலு நாற்காலி. ஒருத்திக்குக் கல்யாணம் ஆனது. ஒருவன் எதிர்க் கட்டிடத்துக் கம்பெனிக்குத் தாவினான். இன்னொருவன் சாப்பிடப் போனவன், போனவன்தான். மிஞ்சியது இவன்.

இடப்பக்கத்து வரிசை பேசுவது புரியாது. வலப்பக்கத்து வரிசை பேசுவது அதைவிடப் புரியாது. அறைக்குப் போனால் வாயைத் திறப்பது பல் துலக்க மட்டும்தான். தமிழில் வரும் அழைப்புகளோ, திட்டிவிட்டுப் பட்டென்று வைத்துவிடும் ரகம்.

இந்த ரிட்டயர்டு லாரி டிரைவர் மட்டும் முதல் நாளே, "குரல் சோர்ந்திருக்கே, சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வியில் அவன் விழுந்தான்.

மெஷினில் தண்ணீர் இறங்காவிட்டால் கீழே உள்ள வடிகட்டியைக் கழற்றிக் கழுவினால் போதும். அது அவனுக்குத் தெரியும். சொல்லிவிட்டால் அவர் மறுபடி கூப்பிட மாட்டார். அதுவும் தெரியும். எனவே, "ரெண்டு நாள் ஆஃப் பண்ணி வெச்சுட்டுக் கூப்பிடுங்க ஐயா" என்றான். அப்புறம் ஒரு பட்டன். அப்புறம் இன்னொரு பட்டன்.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் அம்மாள் அவன் நாற்காலிக்கே வந்துவிட்டாள்.

"ஒரே நம்பர், ஒரே மெஷின். இன்னொரு தடவை அந்த ஆள் கூப்பிட்டா, நீ ஊருக்குப் போக டிக்கெட் நானே போடுவேன்."

"தமிழுக்கு வேற ஆளே இல்லையே மேடம்?"

"அதனாலதான் இவ்வளவு நாள் பொறுத்தேன்."

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான் அவனுக்கு. வேலை போனால் விசாவும் போகும். உடனே டிரைவரைக் கூப்பிட்டு வடிகட்டி ரகசியத்தைச் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை முதல் அழைப்பே அவர்தான்.

"தம்பி, வடிகட்டியைக் கழுவினேன். இப்ப நடக்குது."

"நல்லா நடக்குதா ஐயா?"

"நல்லாவே நடக்குது. குளியலறையில இருந்து கிளம்பி வாசல் வரைக்கும் வந்திடுச்சு. முன்னாடி கல்லைக் கொடுத்து நிறுத்தி வெச்சிருக்கேன்."

அவன் நாற்காலியின் நுனிக்கு வந்தான். "போனை மெஷின் பக்கத்துல பிடிங்க."

கடகடவென்று ஒரு சத்தம். கூடவே ஒரு உறுமல். "கேட்டுச்சா தம்பி?" என்றார் அவர், மூச்சு வாங்க.

தும்பை விட்டு வாலைப் பிடித்தாகிவிட்டது. பேச்சுத் துணைக்கு ஆசைப்பட்டு ஒரு நல்ல மனிதரின் மெஷினைப் பாழாக்கிவிட்டோமே என்று அவனுக்கு மனசு உறுத்தியது. மெக்கானிக்குக்கும் பஞ்சம்தான். அவர் ஊருக்கெல்லாம் சேர்த்து இருந்த ஒரே மெக்கானிக்கின் காலில், போனிலேயே விழுந்து, மறுநாளைக்கு வரச் சம்மதிக்க வைத்தான்.

உடனே டிரைவரைக் கூப்பிட்டுச் சேதியைச் சொன்னான்.

"மெக்கானிக்கா? எதுக்குத் தம்பி? அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும். நாமளே மெதுவாப் பார்த்துக்கலாமே."

"இல்லைங்க ஐயா, ஒரேயடியா சரியாயிடும். இனிமே நீங்க கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது."

விதிப்படி சொல்ல வேண்டிய வாக்கியம்தான்.

"சரி" என்றார் அவர். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. கோபம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

மறுநாள் மெக்கானிக் கூப்பிட்டபோது முடிவை எழுதிக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தான்.

"மெஷின் என்னாச்சுங்க? ரொம்பப் பாழாயிடுச்சா?"

"எந்த மெஷின் சார்? மகன் வீடு மாறினப்பவே தூக்கிட்டுப் போயிட்டாராம், போன வருஷமே. இங்க ஒரு வாளிதான் இருக்கு. 'சரியாயிடுச்சு'ன்னு மட்டும் எழுதிடாதேன்னு பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கிறார், நான் என்னத்தை எழுத?"