மக்கள் பங்கேற்புக் குளிர்விப்புத் திட்டம்

எங்கள் வருவாய் ஆய்வாளர் அலுவலகத்துக்குச் சொந்தமான மடிக்கணினி, சென்ற சித்திரை மாதத்தில், உரிய அதிகாரியின் முன் அனுமதி எதுவும் பெறாமல் சூடாகத் தொடங்கியது. போட்ட பதினோராவது நிமிஷம் அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். திரை கறுத்துவிடும். அப்புறம் ஒரு மணி நேரம் அது யார் பேச்சையும் கேட்காது.

நான் பெருமாள். உத்திரமேரூருக்குத் தெற்கே, அந்த அலுவலக வாசல் புளியமரத்தடியில் இருபது வருஷமாக மனு எழுதிக்கொடுக்கிறேன். அப்பா செத்து ஒன்பது வருஷம் ஆகியும் எங்கள் நிலத்துப் பட்டா அவர் பேரில்தான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவனுக்கு இந்தக் கதியா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், என் வீட்டிலும் சிரிக்கிறார்கள்.

ஆய்வாளர் வசந்த்குமார் சார் நல்ல மனிதர்தான். விதியில் இல்லாத கெடுதலை யாருக்கும் செய்ய மாட்டார். முதல் நாளே உதவி மையத்துக்குப் போன் போட்டார்.

"புகாரை ஆன்லைன்ல பதியணும் சார். உங்க ஆபீஸ் லேப்டாப்லதான் பதியணும், வேற எதுலயும் ஓபன் ஆவாது."

"பதிய எவ்ளோ நேரம் ஆவும்?"

"பதினாலு நிமிஷம் சார்."

சார் போனை வைத்துவிட்டு, பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

மேசை மின்விசிறி ஒன்று வாங்கலாம் என்றால், இருப்புப் பதிவேட்டில் ஏற்கெனவே ஒரு மின்விசிறி "நன்னிலையில் உள்ளது" என்று எழுதியிருந்தது. அறையில் அதன் கம்பிக்கூடு மட்டும்தான் இருந்தது. நன்னிலையில் உள்ள பொருளுக்கு மாற்றுப் பொருள் கேட்க முடியாது. ஆகவே கிராம உதவியாளர் பச்சமுத்து பனையோலை விசிறியால் மடிக்கணினிக்கு வீச வேண்டும் என்று வாய்மொழி ஆணை பிறந்தது. வீசினால் பதிமூன்று நிமிஷம் தாக்குப்பிடித்தது.

நாலு நாளில் பச்சமுத்துவுக்குத் தோள்பட்டை போயிற்று. உடனே டோக்கன் முறை வந்தது. உனக்கு முன்னால் இருக்கிறவன் வேலை நடக்கும்போது நீ வீச வேண்டும், உன் வேலை நடக்கும்போது பின்னால் இருக்கிறவன் வீசுவான். இதை யாரோ போட்டோ எடுத்து மேலே அனுப்ப, மேலே இருக்கிறவர்கள் புல்லரித்துப்போய் இதற்கு "மக்கள் பங்கேற்புக் குளிர்விப்புத் திட்டம்" என்று பெயர் வைத்து, வாசலில் பேனரும் கட்டினார்கள். சூடாகாத மடிக்கணினி வைத்திருந்த பக்கத்து அலுவலகத்துக்கு, அங்கே ஏன் மக்கள் பங்கேற்பு இல்லை என்று விளக்கம் கேட்டு மெமோ போயிற்றாம்.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. விசிறியோடு செல்பி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தோம். நான் நீலச்சட்டை போட்டுக்கொண்டு போய் எடுத்தேன்.

ஆடி மாசம் சிட்டம்மாள் வந்தாள். ஏரிக்கரை இருளர் குடியிருப்பு, நாற்று நடுகிற வேலை. மகள் கீர்த்திக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழை இருபத்தெட்டாம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். இங்கிருந்து பரிந்துரை போனால்தான் மேலே கையெழுத்து ஆகும். பரிந்துரைப் படிவத்தை முடிக்கப் பதினேழு நிமிஷம் வேண்டும். என்ன வீசினாலும் மடிக்கணினி பதிமூன்றைத் தாண்டாது. ரெண்டு தடவை வந்து, ரெண்டு தடவையும் திரை கறுத்துத் திரும்பிப் போனாள்.

மூணாவது தடவை அவளுக்கு அடுத்த டோக்கன்காரன் வரவில்லை, வீசினவன் நான். சார் படிவத்தைப் படித்தார்.

"பாரம்பரியத் தொழில் அறிவு உண்டான்னு கேக்குது. எலி புடிப்பியாம்மா?"

"புடிப்பேன் சார்."

"உன் பொண்ணு?"

"அது ஊசி போடக் கத்துக்கப் போவுது சார். எலி இன்னாத்துக்கு?"

"அப்ப நான் இன்னான்னு எழுதறது?"

"என்னப் பாத்து எய்துங்க சார்."

சார் யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் திரை கறுத்தது. "சாப்பிட்டுட்டு வந்து பாக்கறேன்" என்று எழுந்து போனார். சிட்டம்மாள், நான் எழுதிக்கொடுத்த மூணு மனுவையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கையெழுத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

"பெருமாள்ணா, இந்த லேப்டாப்பத் திருப்பிப் பாக்கலாமா?"

"அரசாங்க சாமான், தொடாதம்மா" என்று நான் சொல்வதற்குள் திருப்பிவிட்டாள்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் இருப்புச் சரிபார்க்க வருகிறவர்கள் ஒவ்வொரு பொருளிலும் புது எண் வில்லை ஒட்டுவார்கள். பழைய வில்லையைக் கிழிப்பது அரசு உடைமையைச் சேதப்படுத்தும் குற்றம். ஆறு வருஷத்தில் ஆறு வில்லை. நாலு அடிப்பக்கத்தில் இருந்தன. அங்கே இடம் தீர்ந்ததும் மீதி ரெண்டைப் பக்கவாட்டில் ஒட்டியிருந்தார்கள், கடைசி வில்லை சித்திரைக்கு முந்தின பங்குனியில். காற்று உள்ளே போகிற ஓட்டையும் அடைப்பு, வெளியே வருகிற ஓட்டையும் அடைப்பு.

"இன்னாண்ணா இது, ரெண்டு வாயையும் அடைச்சி வெச்சிகீறாங்க?"

"அது அரசாங்க நம்பரும்மா."

"எலி வளைக்கு ரெண்டு வாய் இருக்கும்ணா. பொகை போடறப்ப ஒண்ண அடைச்சிட்டு இன்னொண்ணுல ஊதுவோம். ரெண்டையும் அடைச்சா உள்ள கீறது மூச்சு முட்டிச் செத்துப்பூடும். இது இன்னா பாவம் பண்ணுச்சி?"

நகத்தால் ஒவ்வொன்றாக, ஓரம்கூடக் கிழியாமல் உரித்தாள். உரித்ததைத் தன் பிளாஸ்டிக் கவர்மேல் ஒட்டிவைத்தாள். "அரசாங்க சாமான், தூக்கிப் போடக் கூடாது" என்றாள். அப்புறம் ஓட்டையில் வாயை வைத்து ஊதினாள். ஆறு வருஷத் தூசி என் நீலச்சட்டைமேல் வந்து விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் சார் வாசலில் நிற்கிறார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

சார் உட்கார்ந்து மடிக்கணினியைப் போட்டார். பதிமூன்று தாண்டியது. பதினாலாவது நிமிஷம் நான் வீசுவதை நிறுத்தினேன், அது கண்டுகொள்ளவே இல்லை. தொழில் அறிவு என்ற கட்டத்தில் "உண்டு. நேரில் கண்டேன்" என்று தட்டினார். பதினேழாவது நிமிஷம் பரிந்துரை போயிற்று. இருபத்தாறாம் தேதி சான்றிதழ் வந்து, கீர்த்தி சேர்ந்துவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் என் பட்டாவே கிடைத்திருந்தால்கூட வந்திருக்காது.

அப்புறம் பத்து நாள் யாரும் விசிறியைத் தொடவில்லை. நாலு மாசம் தேங்கின வேலையெல்லாம் மளமளவென்று நடந்தது. பட்டா மாற்றத்துக்கு நான் வாங்கின டோக்கன் இருநூற்றுப் பதினாலு. பதினோராம் நாள் இருநூற்றுப் பதிமூன்று முடிந்தது. அப்போதுதான் திடீர்த் தணிக்கைக்குத் தேவயானி மேடம் வந்து இறங்கினார்கள்.

மேடம் மடிக்கணினியைத் திருப்பினார்கள். எண் இல்லை.

"அரசாங்க லேப்டாப் எங்க?"

"இதான் மேடம்" என்றார் சார்.

"இதுல நம்பர் இல்லையே. ரெக்கார்டுல இருக்கிற லேப்டாப் பதினோராவது நிமிஷம் கறுக்கும். முப்பத்தேழு பேர் மனு குடுத்திருக்காங்க. இது கறுக்குதா?"

முப்பத்தேழையும் எழுதினவன் நான்தான்.

நாற்பது நிமிஷம் எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கறுக்கவில்லை. மேடம் குறிப்பு எழுதினார்கள்: அரசு மடிக்கணினி காணாமல் போயிருக்கிறது, அடையாளம் தெரியாத மடிக்கணினி ஒன்று மேசைமேல் அத்துமீறி இருக்கிறது, அதிலிருந்து போன பரிந்துரைகள் எதுவும் செல்லாது. எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

எதுவும் செல்லாது என்றால் கீர்த்தியின் சான்றிதழும் செல்லாது. சாரின் வேலையும் போகும். பச்சமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் பறந்தான். சிட்டம்மாள் சேற்றுக் காலோடு அந்தக் கவரை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆறு வில்லையும் அப்படியே இருந்தன.

"மறுபடியும் அடைக்கணுமாண்ணா?"

"அடைச்சாத்தாம்மா உன் பொண்ணு படிக்கும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒட்டுகிற வேலையை நான் செய்தேன். மனுவில் ஸ்டாம்பு ஒட்டுகிற கோந்து என்னிடம் எப்போதும் இருக்கும். நாலு அடியில், ரெண்டு பக்கத்தில், பழைய தடம் மாறாமல் அழுத்தி ஒட்டினேன். சந்து தெரிந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் கோந்து வைத்தேன்.

காலையில் இல்லாத எண் மதியம் எப்படி வந்தது என்று மேடம் கேட்கவில்லை. எண் இருந்தால் அந்தக் கேள்விக்கு இடமில்லை. "போடுங்க பாக்கலாம்" என்றார்கள். எட்டு, ஒன்பது, பத்து. கறுத்துவிடு தாயே என்று நான் பக்கத்துக் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

பதினோராவது நிமிஷம் திரை கறுத்தது. நாங்கள் அத்தனை பேரும் கைதட்டினோம். மேடம் "அடையாளம் சரிபார்க்கப்பட்டது, பரிந்துரைகள் செல்லும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பச்சமுத்து அலமாரி மேலிருந்த விசிறியை எடுத்துத் தூசி தட்டினான். அப்புறம் வரிசையைப் பார்த்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டான்.

"இருநூத்திப் பதினாலு."