அவர் அந்த ரகம் இல்லை

தையற்கடைக்குச் செய்தி வந்தபோது காலை பதினொன்று பத்து. பக்கத்துக் கிடங்கில் மூட்டை தூக்கும் வாடிக்கைக்காரத் தம்பி மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு மூன்றுமே எகிறிக் கிடந்தனவாம்.

"அவனுக்கா? அவன் அந்த ரகம் இல்லையே!" என்றார் டெய்லர்.

இந்த ஒரு வரியிலேயே அவர் எந்த இனம் என்று உங்களுக்குப் பிடிபட்டிருக்கும். ரகம் பிரிப்பவர். நோயைத் துணிபோல விரித்துக் கத்தரித்து, ஊரில் உள்ள எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, தனக்கு மட்டும் ஒரு நூல்கூட எடுத்துக்கொள்ளாத தியாகி. ஏசி அறையில் நாற்காலியைத் தேய்க்கும் மேனேஜருக்குச் சர்க்கரை, வண்டியிலேயே சாப்பிட்டு வண்டியிலேயே கண்ணயரும் டிரைவருக்குக் கொதிப்பு, பிள்ளைகள் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமில்லாமல் விழுங்கும் அம்மாக்களுக்குக் கொழுப்பு என்று, இடுப்பைச் சுற்றி டேப் வருவதற்குள் தீர்ப்பு முடிந்துவிடும். டாக்டர் பட்டம் எதற்கு? டேப் போதாதா?

உழைப்பவர்களுக்கு மட்டும் விடுதலை. போன மாதம் இலவச ரத்தப் பரிசோதனைக்குப் போகலாமா என்று அந்தத் தம்பி இவரிடம் கேட்டான். கை கால் குச்சி, நடுவில் மட்டும் பானை. ஒரே வருஷத்தில் மூன்று தடவை பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லி வந்தவன்.

"உழைக்கிற உடம்புடா. உனக்கெல்லாம் கிட்ட வருமா? போய் வேலையப் பாரு."

அவனும் சந்தோஷமாகப் போனான்.

மாலையில் சாவு வீட்டிலிருந்து திரும்புவதற்குள் டெய்லரிடம் புது ரகம் தயார். "நைட் ஷிப்ட் பாத்தான்ல? தூக்கம் கெட்ட ரகம். அது தனி."

சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியைக் குத்தி வைத்தாள். "அப்ப நீங்க என்ன ரகம்?"

"நான் நாள் பூரா மெஷின் மிதிக்கிறவன்."

"மெஷினுக்கு மோட்டார் போட்டு ஆறு வருஷமாச்சு."

"மிதிச்சது உடம்புல இருக்கும்ல?"

"எந்திரிங்க."

டேப்பை எடுத்துச் சுற்றினாள். அவர் மூச்சை உள்ளே இழுத்தார். அவள் டேப்பை விடாமல் காத்திருந்தாள். எவ்வளவு நேரம்தான் ஒருவர் இழுத்துப் பிடிக்க முடியும்? நாற்பத்தொன்று.

"டேப்பு பழசு" என்றார்.

"பழைய டேப்பு நீண்டு போகும், அளவக் குறைச்சுக் காட்டும்னு நீங்கதானே சொல்வீங்க? அப்ப நாப்பத்திரண்டுனு வச்சுக்கலாமா?"

அவர் டேப்பை வாங்கிச் சுருட்டினார். பிறகு, "அவனப் போகச் சொல்லியிருக்கணும்டி" என்றார்.

"சொல்லியிருக்கணும். நீங்க காலைல வெறும் வயித்தோட லேபுக்கு வர்றீங்களா, இல்லையா?"

"வர்றேன். ஒரு டீ மட்டும்..."

"டீயும் கிடையாது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரிப்புக்கு நடுவே, 'நான்தான் தினமும் நடக்கிறேனே', 'எங்கள் குடும்பமே ஒல்லி', 'எனக்கு இனிப்பே பிடிக்காது' என்று உங்களுக்காக ஒரு தனி ரகத்தைச் சத்தமில்லாமல் கத்தரித்துக்கொண்டீர்களே, அது யார் கண்ணிலும் படவில்லை என்று நினைக்க வேண்டாம்.

டெய்லர் அளவு நோட்டில் புதுப் பக்கம் திருப்பித் தன் பெயரை எழுதினார். கீழே 'இடுப்பு' என்று எழுதி, அதற்கு நேராக ஒரு நான்கு போட்டார். அடுத்த இலக்கத்தை இன்னும் எழுதவில்லை.