எலி மாஸ்டர் எழுதிய அட்டை

மாத்தளை மாவட்டத்திலேயே எலிகளுக்கு அடையாள அட்டை எழுதிக் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் எலி மாஸ்டர்தான். உலகத்திலேயே என்று சொல்லத்தான் ஆசை. நான் அவ்வளவு தூரம் போனதில்லை.

நாவுலயில் நாங்கள் இருவரும் ஒரே போர்டிங் வீட்டில் தங்கியிருந்தோம். நான் அரசாங்கக் கிளார்க். அவர் பள்ளிக்கூட ஆய்வுகூட உதவியாளர். அதற்கு முன்னே ஒரு பெரிய ஆய்வுகூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொண்டவர். கலத்துக்குள் சக்தி உண்டாக்கும் இழைமணி பழுதானால் மனமும் சோர்ந்துபோகுமா என்று அங்கே ஆராய்ச்சி. அப்படிப் பழுதான எலியைத் தண்ணீரில் விட்டு, எத்தனை நிமிடத்தில் அது நீந்துவதைக் கைவிடுகிறது என்று மாஸ்டர் எழுத வேண்டும். மனிதர் எழுதினால்தானே! எலி கொஞ்சம் தளர்ந்ததும் தூக்கித் துவட்டிவிடுவார். ஆராய்ச்சி நாசம், வேலையும் போயிற்று. ஏழு எலிகளோடு இங்கே வந்து சேர்ந்தார்.

ஏழுக்கும் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் என்று மும்மொழியிலும் அட்டை. பெயர், தாயின் பெயர், கடைசியில் நிலை. எல்லாவற்றிலும் நிலை ஒன்றுதான்: "தண்ணியிலிருந்து தூக்கியாச்சு."

எலிகள் இருந்தது பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில்; விடுமுறைக்கு அவற்றை பஸ்ஸில் போர்டிங்குக்குக் கொண்டுவருவார். ஒருநாள் நானும் கூட இருந்தேன்; சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். துப்பாக்கியோடு நின்ற ஆமிக்காரர் அடையாள அட்டை கேட்க, மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். ஏழும் எலிகளுடையவை! ஆமிக்காரர் அட்டைகளைப் படித்தார், கூண்டுக்குள் எண்ணிப் பார்த்தார்.

"எலிக்கெல்லாம் இருக்கு, உனக்கு இல்லையா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தேவிட்டார். பிழைத்தோம்.

பிறகு என் முறை வந்தது. காரணமே தெரியாமல் ஒரு மாதம் நான் பாயை விட்டு எழவில்லை. வேலைக்கு வராவிட்டால் நீக்கிவிடுவோம் என்று கந்தோரிலிருந்து கடைசிக் கடிதம் வந்தது. எழுந்து அதைப் பிரிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை, மாஸ்டர்தான் பிரித்துப் படித்தார்.

"சரியான சோம்பேறிங்க இவரு" என்றார் போர்டிங் நடத்தும் அக்கா. மாஸ்டருக்கு வந்ததே கோபம்!

"எந்த எலியும் சோம்பேறித்தனத்துல முங்கலீங்க அக்கா! உள்ளுக்குள்ள கரண்ட் கொறைஞ்சிருச்சு, அவ்வளவுதான்."

என்னைக் குளிப்பாட்டாத குறையாகக் கிளப்பி, மாத்தளை கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். அங்கே டொக்டருக்கே இழைமணிப் பாடம் எடுத்தார்.

"எலிக்குச் சரிங்க. மனுஷங்களுக்கு அப்படித்தான்னு இன்னும் முடிவா சொல்ல முடியாதே" என்றார் டொக்டர்.

"முடிவு வர்ற வரைக்கும் இவரு தண்ணியிலயே கெடக்கணுங்களா?"

டொக்டர் பேனாவை எடுத்து மருந்து எழுதினார். கந்தோருக்குக் கொடுக்க மெடிக்கல் சான்றிதழும் எழுதினார். மாதா மாதம் மாஸ்டர் கூடவே வந்தார். மெல்ல எழுந்தேன், வேலைக்கும் திரும்பினேன்.

ஒருநாள் அவர் மேசையில் எலி அட்டைகளை அடுக்கினேன். எட்டு இருந்தன. எட்டாவதில் என் பெயர், என் அம்மாவின் பெயர், மும்மொழியிலும். நிலை: "தண்ணியிலிருந்து தூக்கியாச்சு."

கேட்காமலே எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் யாராவது அடையாள அட்டை கேட்டால், என் கை முதலில் அதைத்தான் எடுக்கிறது.