ரிங் வேலை

லாயிட் காரைக் கிளப்பினால் காக்ஸ் டவுனில் அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும். அவ்வளவு புகை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடியில் காயும் துணியை வாரிக்கொண்டு உள்ளே ஓடுவார். தலையெழுத்து, வேறென்ன சொல்ல.

அந்தக் காரை நம்பித்தான் இப்போது அவன் குடித்தனமே இருந்தது. டீச்சராக இருக்கும் மனைவி யூனிஸை ஆனேக்கல் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். வீடு வந்து சேரும்போது அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருக்கும்.

“ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கார் ரெடியாகலன்னா நான் ஆனேக்கல்லயே ரூம் எடுத்துடறேங்க,” என்றாள். “கோபத்துல சொல்லல. முடியல.”

கோபத்தில் சொல்லியிருந்தால் லாயிட் பயந்திருக்க மாட்டான். லீவு போட்டுவிட்டு இன்ஜினைப் பிரித்தான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் தேய்ந்ததுதான் புகைக்குக் காரணம். புது ரிங் வாங்கியாயிற்று. ஒரு பிஸ்டனுக்கு மூன்று ரிங், ஒவ்வொரு ரிங்கிலும் ஓர் இடத்தில் சின்ன இடைவெளி. இந்த மூன்று கேப்பும் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும்? அதில்தான் மாட்டிக்கொண்டான்.

யூனிஸ் கார் புத்தகத்தை எடுத்துப் படித்தாள். “கேப்பெல்லாம் ஒண்ணவிட்டு ஒண்ணு விலகி இருக்கணுமாம். நேரா வந்துட்டா புகையுமாம்.” கொஞ்சம் நிறுத்தி, “நமக்கே எழுதின மாதிரி இருக்கு,” என்றாள்.

லாயிட்டுக்குச் சுருக்கென்றது. “புஸ்தகம் எழுதறவன் கையில கிரீஸ் பட்டிருக்குமா? அனுபவசாலி யாரையாவது கேக்கணும்,” என்று மதிலோரம் போனான்.

“ஆன்ட்டி, ரிங் வேலை தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா?”

“அல்சூர் சண்முகம் இருக்காரே. ஆயுசுக்கும் ரிங் வேலைதான். எங்க அண்ணன் வீட்டுல அவர் போட்ட ரிங்கு இன்னும் கல்லாட்டம் நிக்குது. அவருக்குப் போன் கிடையாது, பக்கத்துக் கடை பி.பி. நம்பர் தரேன், பேசிப் பாரு.”

கடைக்காரர் கூப்பிட்டனுப்பி, சண்முகம் மூச்சு வாங்க வந்து போனை எடுத்தார்.

“ரிங்கெல்லாம் எப்படி நிக்கணுங்க?” என்று கேட்டான் லாயிட்.

“நூல் புடிச்சாப்ல ஒரே நேரா நிக்கணும் சார். கொஞ்சம் வெலகிச்சு, மொத்த வேலையும் போச்சு.”

“புஸ்தகத்துல விலகி இருக்கணும்னு போட்டிருக்குங்க.”

“இன்னா சார், ரிங்குக்கெல்லாமா புஸ்தகம் போடறாங்க?”

அந்தக் குரலில் இருந்த உறுதி எந்தப் புத்தகத்தில் இருக்கும்? லாயிட் எல்லா கேப்பையும் ஒரே கோட்டில் நிறுத்தி மாட்டினான். சாவியைத் திருப்பினான். அதுவரை தெருவோடு நின்றுகொண்டிருந்த புகை அன்றைக்குச் சர்ச் வாசல் வரைக்கும் போனது. யூனிஸ் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.

மறுபடியும் போன்.

“நேராத்தாங்க வெச்சேன். ஆனா கீழ இருந்து கசிஞ்சு மேல ஏறுது.”

“அப்ப கேப் இருக்குது. கேப்பே இருக்கக் கூடாது சார். சுத்தமா அடைச்சிருங்க.”

லாயிட் ஜே.சி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடையெல்லாம் அலைந்து ஒரு சைஸ் பெரிய ரிங்குகளாக வாங்கி வந்தான். முனையோடு முனை முட்டுகிற மாதிரி ராவி, கேப்பே தெரியாமல் இறுக்கி மாட்டினான். இன்ஜின் ஓடியது. புகைகூடக் குறைந்த மாதிரி இருந்தது. யூனிஸ் வாசலுக்கு வந்து நின்று, பல நாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தாள். அதற்குள் இன்ஜின் சூடேறி, கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. பாவி இன்ஜின், அவள் சிரித்து முடிக்கும்வரையாவது ஓடியிருக்கலாம். கொஞ்ச நேரத்தில் பரணிலிருந்து சூட்கேஸ் இறங்கும் சத்தம் கேட்டது.

லாயிட் போனை எடுத்தான்.

“ஜாம் ஆயிடுச்சுங்க. அசையவே மாட்டேங்குது.”

“அசையக் கூடாது சார், அதான வேணும். அசையாம நின்னுச்சுன்னா நம்ம வேலை ஆய்த்து.”

“அசையாம நாங்க எப்படிங்க ஆனேக்கல் போறது?”

“அட்ரஸ் சொல்லுங்க, நேர்ல வந்து பாக்கறேன் சார்,” என்றார் சண்முகம்.

ஆனால் யூனிஸ் கிளம்பும் நாள் வரைக்கும் அவர் வரவில்லை. கேட்டருகே ஆட்டோ நின்றது. சூட்கேஸை ஏற்றியாயிற்று.

“ஃப்ரிட்ஜ்ல குழம்பு வெச்சிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்க,” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஆட்டோவுக்குப் பின்னால் ஒரு டெம்போ வந்து நின்றது. சண்முகம் இறங்கினார். கூடவே இரண்டு ஆட்கள், தடித்த கயிறு, கப்பி, கடப்பாரை. இன்ஜினைத் தூக்கத்தான் கயிறும் கப்பியும் என்று லாயிட்டுக்கு உடனே புரிந்தது. கடப்பாரைதான் புரியவில்லை.

“யூனிஸ், அவர் வந்துட்டார். ரெண்டே நிமிஷம் இரு. அவர் கை வெச்சா ஓடிடும்.”

யூனிஸ் அவன் முகத்தையே பார்த்தாள். என்ன தோன்றியதோ, ஆட்டோவிலிருந்து இறங்கி, சூட்கேஸையும் இறக்கி வைத்தாள்.

சண்முகம் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வீட்டுக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து தலையைச் சொறிந்துகொண்டார்.

“இந்தக் காரைக் கொஞ்சம் ஓரமா தள்ளுங்க சார்,” என்றார். “ரிங் எறக்கற கெணறு எங்க இருக்குது?”