பதினான்காம் நிலையை நான் போட்டிருக்கக் கூடாது

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகம் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் மருமகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தாயே, கம்பி இழுத்து விளக்கு எரியவைக்கும் விளையாட்டு, அதில் பதிமூன்று நிலைகளைத் தண்ணீர் குடிப்பதுபோல் தாண்டினாள். இரண்டு பக்கமும் சரி என்றால்தான் சரி என்னும் அண்ட் கேட், ஒரு பக்கம் தலையாட்டினாலே போதும் என்னும் ஆர் கேட், எதைச் சொன்னாலும் மாற்றிச் சொல்லும் நாட் கேட், கம்பிகளுக்கு நடுவே வைக்கும் இந்தக் கட்டங்கள் எல்லாவற்றையும் எனக்கும் விளக்கினாள். கடைசியாகச் சொன்னது உடனே புரிந்தது, கல்யாணமாகிப் பத்து வருஷமாயிற்றே. பதினான்கில் மாட்டிக்கொண்டாள். இரண்டு சுவிட்சில் ஒன்றை மட்டும் போட்டால் விளக்கு எரிய வேண்டும், இரண்டையும் போட்டால் அணைய வேண்டும். பதினோரு நாள், அண்ணா. சாப்பாட்டுத் தட்டில்கூட விரலால் கம்பி வரைந்தாள். "யாரும் சொல்லிடாதீங்க, நானே கண்டுபிடிப்பேன்" என்றாள். எனக்கு எங்கே தெரியும், நான் படித்தது வரலாறு.

பதினோராம் நாள் அவள் பள்ளிக்குப் போன பிறகு தூசி துடைக்கத்தான் அதை எடுத்தேன். துடைத்த விரல் ஒரு கம்பியை இழுத்துவிட்டது, இழுத்ததை மாற்றப் போய் இன்னொன்றை இழுத்தேன், அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டுக்காரம்மா கதவைத் தட்டியபோது ஐந்தாவது கேட்டை வைத்துக்கொண்டிருந்தேன். "எரிஞ்சிடுச்சுங்க" என்று பூரித்துப்போய்ச் சொன்னேன், அவர் வாளி எடுக்க ஓடினார். பிறகுதான் உறைத்தது, அவள் போட வேண்டியதை நான் போட்டுவிட்டேன் என்று. அதைக் கலைக்க எனக்கு வழி தெரியவில்லை.

சாயங்காலம் பார்த்தவள் அழவில்லை. "யாரு போட்டது?" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு உன் மச்சான், "அப்பாதான்டா" என்று பழியை ஏற்றுக்கொண்டார். ஒன்பது நாளாக அவரோடு அவள் பேசவில்லை. விளையாட்டைத் தொடவுமில்லை. "பஸ் ஓட்றேன், நாள் முழுக்க திட்டு வாங்கறேன், அதெல்லாம் வலிக்கல. இது திட்டாமலே கொல்லுது, நீ சொல்லிடேன்" என்கிறார். தினமும் அவளுக்குத் தலை பின்னும்போது சொல்லிவிட ஆரம்பித்து, ரிப்பன் எங்கே என்று கேட்டு முடிக்கிறேன். பதினோரு நாள் பொறுத்த பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய ஒரு நிமிஷ சந்தோஷத்தை நான் தின்றுவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அதனால் நீ ஒரு வரி எழுது, அதில் ஏதோ கோளாறு, பதினோரு நாளானால் தானே விடை போட்டுக்கொள்ளும் என்று. நீ கம்ப்யூட்டர்காரன், நம்புவாள்.

அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் வீட்டில் யாரும் யாருடைய விளையாட்டையும் தொடாதிருக்க வேண்டிக்கொள்ளும்,
உன் தங்கை.

பின்குறிப்பு: ஒன்றும் எழுதாதே. தண்ணீர் குடிக்க எழுந்தவள் என் பின்னால் நின்று முழுக்கப் படித்துவிட்டாள்.

"அன்னிக்கே தெரியும்மா. நாட் கேட் எதுன்னு கேட்டேன், அப்பா விளக்கைக் காட்டினாரு. அஞ்சு கேட் எதுக்கு, நாலு போதும். மறுநாளே நோட்டுல போட்டுட்டேன்."

அவர் பொய் சொன்னதற்குத்தான் அத்தனை கோபமாம். "அப்ப என்கிட்ட மட்டும் ஏன்டி பேசினே?" என்றேன்.

"நீ பொய் சொல்லலையே. நீயா சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன். இப்ப மாமாவையும் பொய் சொல்லச் சொல்றே."

உள்ளே போய் அப்பாவை எழுப்பிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் கூப்பிட்டால்தான் திரும்ப மாட்டேன் என்கிறாள்.