ஐந்து நாற்பது பஸ்ஸில் இறங்காதவர்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் இடது கால் எலும்பு கூடிவிட்டது, கட்டையும் பிரித்தாயிற்று, கைத்தடி இல்லாமலேயே மாடி ஏறி இறங்குகிறீர்கள் என்று கேள்விப்பட்டு மிக்க மகிழ்ச்சி அடைந்தேன். மாடி ஏறுகிற அளவுக்குக் குணமான ஒருவரைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு தங்கை எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அவள் எத்தனை மாதம் வேண்டுமானாலும் அங்கேயே இருக்கட்டும். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. முட்டை அவிக்கப் பழகிவிட்டேன். முதல் வாரம் தண்ணீர் வற்றி முட்டை வெடித்தது. இப்போது வெடிப்பதில்லை. சட்டைகளை நானே துவைக்கிறேன். வெள்ளைச் சட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இளம் ஊதா நிறத்துக்கு வந்துவிட்டதால் எதை எடுப்பது என்ற குழப்பமும் இல்லை.

போனில் பேசிவிடலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். “சாப்டீங்களா?” என்பாள். “ம்” என்பேன். “நீ சாப்டியா?” என்பேன். “ம்” என்பாள். “சரி, வச்சிடவா?” என்பாள். “வைக்காதே” என்று சொல்ல எனக்கு வாய் வராது. இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அந்த ஒரு வார்த்தையை நான் பழகவே இல்லை. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன். தாங்கள் முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்தவர், பேச்சையும் அளந்துதான் பேசுவீர்கள். நடந்ததை நானும் அளவாகவே சொல்லிவிடப் பார்க்கிறேன்.

எங்கள் போலீஸ் கண்காணிப்பு அறையை நவீனமாக்கப்போகிறார்கள் என்று சென்ற வருடம் சொன்னேன் அல்லவா? ஆக்கிவிட்டார்கள். பழைய அறை தங்களுக்கு நினைவிருக்கும், ஒரு முறை வந்து பார்த்தீர்கள். இருபத்துநாலு டிவிப் பெட்டிகள். அதில் ஏழாவது பெட்டியில் ஊரே பச்சையாகத் தெரியும். பதினாறாவது பெட்டி முதுகில் ஓர் அறை வாங்கினால்தான் கண் திறக்கும். என் பக்கத்து நாற்காலிக்காரரை நாங்கள் குறட்டை என்று கூப்பிடுவோம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவரும் நானும் பதினான்கு வருடமாக அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சரியாகச் சொன்னால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதையெல்லாம் கழற்றி எடுத்துவிட்டு, சுவர் முழுக்க ஒரே திரை மாட்டியிருக்கிறார்கள். சினிமாக் கொட்டகை தோற்றது. கேமராக்கள் மொத்தம் எண்ணூறு. குளிர் இயந்திரம் போடும் போட்டில் குறட்டை கம்பளித் தொப்பியோடு வருகிறார். நாற்காலிக்குச் சக்கரம் வைத்திருக்கிறார்கள். தெரியாமல் சாய்ந்தால் கதவு வரை போய்விடும், நான் இரண்டு முறை போனேன்.

இந்தப் புது ஏற்பாட்டில் மனிதன் பார்க்க வேண்டியதே இல்லையாம், இயந்திரமே பார்த்துக்கொள்ளுமாம். தெருவில் போகிற ஒவ்வொருவரைச் சுற்றியும் மஞ்சள் கட்டம் போடும், சந்தேகம் வந்தால் கட்டம் சிவப்பாகும், மணி அடிக்கும். இதைப் பொருத்த வந்த என்ஜினீயர் அம்மா நல்ல மனுஷி, எதைக் கேட்டாலும் சிரித்த முகத்தோடு சொல்லித் தருவார். “சார், இது தானாவே கத்துக்கும். கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க” என்றார். பொறுத்துக்கொண்டோம். முதல் நாளே ஜவுளிக்கடை வாசலில் ஒருவன் மூன்று மணி நேரமாக அசையாமல் நிற்கிறான் என்று மணி அடித்தது. வண்டி அனுப்பினோம். போன இரண்டு காவலர்களும் பின்பக்கமாகப் பதுங்கிப் போய்த் தோளில் கை வைத்திருக்கிறார்கள், கை தோளோடு கழன்று வந்துவிட்டது. கடை பொம்மை. மறுநாள் ஏணி தூக்கிக்கொண்டு போன பெயின்டரை ஆயுதம் ஏந்தியவர் என்றது. அதற்கு மறுநாள் ஒரு மொட்டை மாடியில் எட்டுப் பேர் வரிசையாகக் கைகளை விரித்துத் தொங்குகிறார்கள் என்று அலறியது. போய்ப் பார்த்தால் கொடியில் சட்டை காய்கிறது. மச்சான், அந்தச் சட்டைகள் இளம் ஊதா நிறத்தில் இருந்தன என்பதையும், அது யார் வீட்டு மாடி என்பதையும் நான் அறிக்கையில் எழுதவில்லை.

இதெல்லாம் சிரிப்புக்கு. சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இத்தனை சுற்றி வருகிறேன்.

பழைய அறையில் பதினொன்றாம் எண் கேமரா எங்கள் தெருமுனைக் காய்கறிக்கடையைப் பார்த்தபடி இருந்தது. காலை பதினொன்றே காலுக்கு உங்கள் தங்கை கூடையோடு அங்கே வருவாள். நான் அங்கிருந்து அவளைப் பார்ப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். ஒரு நாள் விளையாட்டாக ஒரு முட்டைக்கோஸைத் தூக்கிக் கேமராவுக்கு நேரே காட்டினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, போன் போட்டு “வேண்டாம், கேரட் வாங்கு” என்றேன். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. தினமும் எதையாவது தூக்கிக் காட்டுவாள், நான் போன் போட்டு வேணும், வேண்டாம் என்பேன். சில நாள் ஒன்றும் வாங்காமல் வெறும் கையைக் காட்டிவிட்டுப் போவாள். அப்போதும் போன் போடுவேன். அரசாங்கச் சொத்தைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தினேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். அந்தத் தெருவும் என் பொறுப்பில் இருந்த தெருதானே?

பெட்டிகளைக் கழற்றத் தொடங்கிய அன்று முதலில் துண்டித்தது பதினொன்றாம் எண்ணின் கம்பியைத்தான். கூட்டம், பயிற்சி, புதுத் திரை, பழைய பதிவுகளைப் பிரித்து அடுக்குவது என்று நான் தலைகால் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் கண் எரியும், மூடிக்கொண்டு சாய்ந்துவிடுவேன். அந்தக் கேமரா போய்விட்டது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறைக்கவில்லை மச்சான், மறந்துவிட்டேன். அவள் பாட்டுக்குத் தினமும் பதினொன்றே காலுக்குப் போய், ஏதாவது ஒரு காயைத் தூக்கிக் காட்டி, போன் வரும் என்று நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இரண்டரை மாதம்! கடைசியில் கேமராவைக் கழற்ற ஏணியில் ஏறிய ஆள் சொல்லியிருக்கிறான், கடைக்காரர் சொல்லித்தான் பிறகு எனக்கே தெரியும்: “யாருக்கும்மா காட்டறீங்க? இது செத்து ரெண்டரை மாசம் ஆச்சே.”

அவள் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் தாங்கள் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்தீர்கள். அண்ணனைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று பெட்டி கட்டினாள். நான்தான் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “ஊரையே பாக்கறீங்க. நான் நிக்கறது மட்டும் தெரியல. செத்துப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாட்டுக்குக் காய் வாங்கிட்டுப் போயிருப்பேன்ல?” அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. என்ன சொல்வது என்று எனக்குத் தோன்றியது மறுநாள் மத்தியானம். அதை இன்னும் சொல்லவில்லை.

உங்கள் ஊரிலிருந்து வருகிற பஸ் மாலை ஐந்து நாற்பதுக்கு நான்காம் நடைமேடையில் வந்து நிற்கும். என் வேலை ஐந்து மணிக்கு முடிகிறது. வீட்டுக்குப் போகிற வழி என்று சொல்ல முடியாது, எதிர்த்திசை. இருந்தாலும் காற்றாட ஒரு நடை நல்லது என்று டாக்டரும் சொல்லியிருக்கிறார், ஆகவே அப்படியே போய் நிற்பேன். சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டால் பெட்டியைத் தூக்க ஓர் ஆள் வேண்டாமா? அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

சென்ற திங்கட்கிழமை காலை கமிஷனர் அம்மா புது அறையைப் பார்வையிட வந்தார். கூடவே பெரிய அதிகாரிகள் ஆறேழு பேர். என்ஜினீயர் அம்மா விளக்கினார், சொன்னபடி பொத்தானை அழுத்துகிற வேலை எனக்கு. “மேடம், இதுல வழக்கத்தைப் படிக்கிற வசதி இருக்கு. ஒரே ஆள் திரும்பத் திரும்ப ஒரே இடத்துல காரணமில்லாம சுத்தினா, ஊர்லயே அதிகச் சந்தேகமான நபர் யாருன்னு வரிசைப்படுத்திக் காட்டும்” என்றார். “காட்டுங்க பாப்போம்” என்றார் கமிஷனர். அழுத்தினேன். சுவர் முழுக்கச் சிவப்பு. நடுவில் ஒரு பஸ் நிலையம், முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள். கீழே எழுத்துகள் ஓடின: இருபத்தாறு நாட்கள், ஒரே தூண், ஒரே நேரம், கையில் பை இல்லை, எந்தப் பஸ்ஸிலும் ஏறவில்லை, இறங்குகிற பெண்களை மட்டும் உற்றுப் பார்க்கிறார்.

கமிஷனர் என் பக்கம் திரும்பினார். “நீங்க அனுபவசாலி. என்ன நினைக்கிறீங்க?”

நான் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தேன். பின்மண்டை வழுக்கை, கசங்கின சட்டை, கோணலான நிற்பு. “ஆளு சரியில்ல மேடம்” என்றேன். “நிக்கறதப் பாத்தாலே தெரியுது. உடனே புடிச்சு உள்ள வச்சுடறது நல்லது.”

குறட்டை பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக விழித்திருந்தார். என் முழங்கையை இடித்தார். நான் கவனிக்கவில்லை. என்ஜினீயர் அம்மா கேமராவை முன்பக்கத்துக்கு மாற்றினார். லாரிக் கதவு அகலத்துக்கு என் முகம், சுவரில்.

முதலில் ஓர் அதிகாரி இருமினார், இருமல் சிரிப்பானது, சிரிப்பு எல்லாருக்கும் பரவியது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? ஆனால் இயந்திரம் நிற்கவில்லை. அதற்குச் சிரிப்பும் தெரியாது, இங்கிதமும் தெரியாது. இருபத்தாறு நாளையும் ஒன்றன் பின் ஒன்றாக ஓட்டிக் காட்டத் தொடங்கியது. பஸ் வருகிறது, நான் எட்டு வைத்து முன்னே போகிறேன். ஆட்கள் இறங்குகிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். எல்லாரும் இறங்கி, டிரைவரும் இறங்கிப் போன பிறகு, படியில் ஒரு காலை வைத்துக் காலி பஸ்ஸுக்குள் தலையை நீட்டிக் கடைசி சீட்டு வரைக்கும் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தது சத்தியமாக எனக்கு நினைவே இல்லை மச்சான். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, இருபத்தாறு நாளும் பார்த்திருக்கிறேன். மழை நாளில் குடையை மடக்கிவிட்டுப் பார்த்திருக்கிறேன். பத்தாம் நாள் வாக்கில் சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

“யாருக்காக நிக்கறீங்க?” என்று கமிஷனர் கேட்டார். அதிகாரக் குரல் இல்லை.

“வீட்டுக்காரம்மா, மேடம். அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கா.”

“எப்ப வர்றதாச் சொன்னாங்க?”

“சொல்லல மேடம்.”

“நீங்க கேட்டீங்களா?”

நான் தரையைப் பார்த்தேன். தரைக்குப் புது ஓடு போட்டிருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது. என்ஜினீயர் அம்மா மெல்ல, “சார் முகத்தைத் தெரிஞ்சவங்க பட்டியல்ல சேத்துடறேன் மேடம், இனிமே மணி அடிக்காது” என்றார். “வேண்டாம், அடிக்கட்டும்” என்றார் கமிஷனர். பிறகு என்னிடம், “பத்து நாள் லீவு எழுதிக் குடுங்க. இங்கயே கையெழுத்துப் போடறேன். போய்க் கூட்டிட்டு வாங்க” என்றார்.

நான் மறுத்துவிட்டேன். வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அவளாக மனசு வந்து வரும்போது வரட்டும், இதற்காக அலைவது எனக்கும் அழகில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டேன். ஆகவே தாங்கள் இதைப் படித்துவிட்டு அவளை அனுப்ப வேண்டும் என்று அவசரப்பட வேண்டாம். கடிதம் வந்ததாகக்கூட அவளிடம் சொல்ல வேண்டாம். பேச்சோடு பேச்சாக, என் மேல் இன்னும் கோபமா, அல்லது வருத்தம்தானா என்று மட்டும் தெரிந்துகொண்டு ஒரு வரி எழுதுங்கள். கோபம் என்றால் காத்திருப்பேன். வருத்தம் என்றால் அது என்னால் தாங்க முடியாதது.

தங்கள் கால் இன்னும் பலப்பட வேண்டும், ஸ்டூல் பக்கமே போகாமல் நீடூழி வாழ வேண்டும். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: மேலே எழுதியதில் குறையில்லை என்பதையும், எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்பதையும், லீவை மறுத்தேன் என்பதையும் தயவுசெய்து அடித்துவிடவும். எழுத்து இங்கிருந்து கோணலாகப் போவதற்குக் காரணம் சாலை, பஸ் தூக்கித் தூக்கிப் போடுகிறது. கடிதம் போய்ச்சேர மூன்று நாள் ஆகும் என்றார்கள். மூன்று நாள் எல்லாம் என்னால் முடியாது மச்சான். அதனால் நானே கையில் கொண்டுவந்து தங்களிடம் கொடுத்துவிட்டு எதிரில்தான் நின்றுகொண்டிருக்கிறேன். இந்த வரிக்கு வந்ததும் என்னிடம் எதுவும் பேச வேண்டாம். அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று மட்டும் கையைக் காட்டுங்கள்.